சட்டைப் பைக்குள் அடங்கிய பிஸ்டல்: ஜோன் மோசஸ் பிரௌனிங்கின் கதை

ஒஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் உள்ள இராணுவ வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு சிறிய பிஸ்டல் வைக்கப்பட்டிருக்கிறது. நீளம் 15 சென்ரிமீற்றர் அளவு. எடை 600 கிராம் அளவு. தொடர் இலக்கம் 19074. 1914 ஜூன் 28 ஆம் திகதி சரயேவோ நகரில் கவ்ரீலோ பிரின்சிப் என்ற 19 வயது இளைஞன் இதைக் கொண்டுதான் ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பட்டத்து இளவரசரையும் அவரது மனைவியையும் சுட்டான். ஐந்து வாரங்கள் கழிந்தபோது ஐரோப்பாவின் பெரும் வல்லரசுகள் போரில் இறங்கியிருந்தன.

பிரின்சிப்பைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது அந்தப் பிஸ்டலை வடிவமைத்த மனிதரைப் பற்றி. அவர் பெயர் ஜோன் மோசஸ் பிரௌனிங். அமெரிக்கர். இறந்து நூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. சாதாரண மனிதன் ஒருவன் வெளியே தெரியாமல், நாள் முழுவதும் உடம்போடு வைத்துக்கொள்ளக்கூடிய, நம்பிச் சுடக்கூடிய சிறிய பிஸ்டல் என்ற பொருளை உலகத்துக்குக் கொடுத்தவர் அவர்தான் என்று சொன்னால் மிகையில்லை.

எங்களுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். எங்களில் பலருக்கு அவருடைய பெயர் தெரியாது. ஆனால் அவர் செய்த பொருளின் சத்தம் தெரியும். வடக்கிலும் கிழக்கிலும் 50 கலிபர் என்ற சொல்லை அறியாத வீடு இல்லை. 12.7 மில்லிமீற்றர் கனரகத் துப்பாக்கிகள் எல்லாவற்றையும் எங்கள் சனம் அந்த ஒரே பெயரால்தான் சொன்னது. அந்தப் பெயருக்குரிய மூலத் துப்பாக்கி பிரௌனிங்கின் வடிவமைப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகளே சத்தத்தை வைத்து இது எது, எவ்வளவு தூரத்தில் என்று சொல்லப் பழகிய காலத்தில் வளர்ந்தவன் நான். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு மனிதரும் ஒரு பட்டறையும் இருந்தன என்பதை அறிந்துகொள்ள எனக்கு நீண்ட காலம் எடுத்தது.

ஆனால் இந்தக் கட்டுரை பெரிய துப்பாக்கியைப் பற்றியது அல்ல. எங்கள் வாழ்க்கையில் அதைவிட அமைதியாக வந்துபோன சிறியதைப் பற்றியது. பிஸ்டல் எங்கள் தெருக்களில் சைக்கிளில் வந்தது. மோட்டார் சைக்கிளில் வந்தது. இரவில் படலையடியில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அதை வைத்திருந்தவர்கள் ஒரு தரப்பைச் சேர்ந்தவர்கள் மட்டும் அல்லர். சேர்ட்டின் ஓரம் இடுப்பருகே சற்றுப் புடைத்திருந்தால் எங்கள் பெரியவர்கள் கதையை நிறுத்திவிடுவார்கள். அந்தப் புடைப்பு வெளியே தெரியாமல் இருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டு வேலை செய்த மனிதரின் வாழ்க்கை இது.

இடம்பெயர்ந்த குடும்பம்

பிரௌனிங் 1855 ஜனவரி 23 ஆம் திகதி, இன்றைய யூட்டா மாநிலத்தின் ஒக்டன் என்ற ஊரில் பிறந்தார். தகப்பன் ஜொனதன் பிரௌனிங் துப்பாக்கிக் கம்மியர். மோர்மன் சமயத்தைச் சேர்ந்தவர்.

மோர்மன்கள் அந்தக் காலத்து அமெரிக்காவில் துரத்தப்பட்ட மக்கள். மிசூரி மாநிலத்திலிருந்து விரட்டப்பட்டு, இலினோய் மாநிலத்தில் நோவூ என்ற ஊரைக் கட்டினார்கள். 1844 இல் அவர்களுடைய சமயத் தலைவர் ஜோசப் சிமித், கார்த்தேஜ் என்ற ஊரின் சிறையில் இருந்தபோது ஆயுதங்களோடு புகுந்த கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவரிடமும் ஒரு சிறிய பல்குழல் பிஸ்டல் இருந்தது. யாரோ இரகசியமாகக் கொண்டுவந்து கொடுத்தது. கதவிடுக்கால் அதை நீட்டிச் சுட்டார். சில குழல்கள் வெடித்தன, சில வெடிக்கவில்லை. வெடித்தவையும் அவரைக் காப்பாற்றவில்லை.

1846 இல் நோவூவையும் விட்டு அந்த மக்கள் வண்டிகளில் மேற்கு நோக்கி இடம்பெயர்ந்தார்கள். ஜொனதனைப் பயணத்தின் நடுவழியில், அயோவாவில் நிறுத்தி, மற்றவர்களுக்குத் துப்பாக்கி செய்து கொடுக்கும் பொறுப்பைச் சபை கொடுத்தது. அவர் குடும்பம் 1852 இல்தான் யூட்டா போய்ச் சேர்ந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து ஜோன் பிறந்தார். இடம்பெயர்ந்த குடும்பத்தில், புதிய ஊரில், மண்ணும் மரமும் கொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கிய வீட்டில் பிறந்த பிள்ளை. ஜொனதனுக்கு மூன்று மனைவியர், 22 பிள்ளைகள்.

தகப்பனின் பட்டறைதான் ஜோனின் பள்ளிக்கூடம். அங்கே துப்பாக்கி மட்டுமல்ல, கலப்பை, சட்டி, வண்டிச் சக்கரம் என்று ஊரின் உடைந்த பொருளெல்லாம் திருத்தத்துக்கு வரும். மூலையில் கிடந்த பழைய இரும்பில் சிறுவன் ஜோன் பத்து வயதளவில் ஒரு துப்பாக்கியைக் கட்டி, தம்பி மட்டோடு போய்ப் பறவை சுட்டு வந்ததைக் குடும்பத்தினர் பிற்காலத்தில் சொல்லிவந்தார்கள். பெரிய படிப்பு அவருக்கு இல்லை. வரைபடம் போட்டு வேலை செய்யும் பழக்கமும் இல்லை. மனதில் கண்டதை நேரே உருக்கில் வெட்டிப் பார்ப்பார். பொருந்தாவிட்டால் இன்னொரு துண்டு உருக்கு எடுப்பார்.

1879 அவருடைய வாழ்க்கையில் பெரிய ஆண்டு. அந்த ஆண்டில் தகப்பன் இறந்தார். ரேச்சல் என்ற பெண்ணை ஜோன் மணம் முடித்தார். முதலாவது காப்புரிமையும் அந்த ஆண்டு ஒக்டோபரில் கிடைத்தது. ஒரு வெடி மட்டும் சுடும் றைபிளுக்கு. சகோதரர்கள் சேர்ந்து ஒக்டனில் சிறிய தொழிற்கூடம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1883 இல் வின்செஸ்டர் என்ற பெரிய நிறுவனத்தின் கையில் அந்த றைபிளில் ஒன்று சிக்கியது. நிறுவனத்தின் முக்கியஸ்தர் ரி. ஜி. பெனற் அமெரிக்காவின் மறுகரையிலிருந்து ரயிலேறி ஒக்டன் வந்து, 8,000 டொலருக்கு அதன் உரிமையை வாங்கிப்போனார். அதன் பின் பத்தொன்பது ஆண்டுகள் வின்செஸ்டரின் பெயர் பெற்ற றைபிள்களில் பல பிரௌனிங்கின் மேசையிலிருந்தே போயின.

இடையில் 1887 முதல் 1889 வரை இரண்டு ஆண்டுகள் வேலையை அப்படியே விட்டுவிட்டு, சபையின் ஊழியராக ஜோர்ஜியா மாநிலத்துக்குப் போய்ச் சமயம் போதித்தார். பக்தியுள்ள மனிதர். தன் தொழிலுக்கும் தன் சமயத்துக்கும் இடையில் அவர் முரண்பாடு எதையும் கண்டதாகத் தெரியவில்லை.

வளைந்த புல்லும் சறுக்கும் உறையும்

ஊழியம் முடிந்து திரும்பிய 1889 இல் ஒக்டனில் நடந்த ஒரு சூட்டுப் போட்டியில், துப்பாக்கி வெடிக்கும் ஒவ்வொரு தடவையும் முன்னால் நின்ற புற்கள் வளைவதை அவர் கவனித்தார். வெடிமருந்தின் வாயு, சன்னத்தைத் தள்ளியது போக மிச்சமாகிக் காற்றில் வீணாகிறது. அந்த மிச்ச சக்தியைப் பிடித்து, வெறுங்கூட்டை வெளியே எறியவும் அடுத்த ரவையை ஏற்றவும் பயன்படுத்தலாமே என்பது அவருடைய யோசனை. அதிலிருந்து இயந்திரத் துப்பாக்கி வந்தது. அதே யோசனையின் இன்னொரு கிளையாகப் பிஸ்டல் வந்தது.

அதுவரை ஒருவன் இடுப்பில் கொண்டு திரிந்தது பெரும்பாலும் ரிவோல்வர். அதன் நடுவில் உருளை இருக்கிறது. உருளை தடிப்பானது, சட்டைக்குள் ஒளியாது. அதற்கு முன்பிருந்த சிறு பிஸ்டல்கள் ஒரு வெடி, இரண்டு வெடியோடு முடிந்துவிடும். 1890 களில் ஜேர்மனியில் சிலர் தானியங்கிப் பிஸ்டல்களைச் செய்தார்கள். அவை பெரியவை, உறுப்புகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை.

பிரௌனிங் செய்தது எளிமையானது. குழலையும் பின்புறத்தையும் மூடிய ஓர் உருக்கு உறையைப் போட்டார். வெடித்ததும் அந்த உறை பின்னால் சறுக்கி வெறுங்கூட்டை எறியும். சுருள்வில் அதை முன்னால் தள்ள, அது கைப்பிடிக்குள் இருக்கும் ரவைக்கூட்டிலிருந்து அடுத்த ரவையை ஏற்றும். தட்டையான பொருள். விளிம்பில் ஒன்றும் நீட்டாது. இன்று உலகில் விற்கும் பிஸ்டல்களில் பெரும்பாலானவை அந்தச் சறுக்கு உறையோடுதான் வருகின்றன.

1897 இல் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்தின் ஆள் ஒருவர் அமெரிக்கா வந்தபோது இந்தப் பிஸ்டலின் மாதிரியைக் கண்டார். எஃப்.என். அப்போது எட்டு வயது நிறுவனம். லியேஜ் நகரத்தின் அருகே ஹேர்ஸ்டால் என்ற இடத்தில், பெல்ஜிய இராணுவத்துக்கு றைபிள் செய்வதற்காகவே 1889 இல் தொடங்கியது. அந்த வேலை முடிந்து கைகள் சும்மா இருந்த நேரம். ஒப்பந்தம் எழுதப்பட்டது. 1900 ஆம் ஆண்டு மாதிரி என்ற பெயரில் 7.65 மில்லிமீற்றர் பிஸ்டல் வெளிவந்தது. ஏழு இலட்சத்துக்கும் மேல் விற்றது. பிரெஞ்சு மொழியில் பிரௌனிங் என்ற சொல் தானியங்கிப் பிஸ்டலுக்கே பொதுப் பெயராயிற்று.

அமெரிக்காவில் அவருடைய பிஸ்டல்களைக் கோல்ட் நிறுவனம் செய்தது, ஐரோப்பாவில் எஃப்.என். செய்தது. வின்செஸ்டருடனான உறவு 1902 இல் முறிந்தது. புதிய தானியங்கி வேட்டைத் துப்பாக்கிக்கு, ஒரே தடவையில் பணம் வேண்டாம், விற்பனையில் பங்கு வேண்டும் என்று பிரௌனிங் கேட்டார். பெனற் மறுத்தார். ரெமிங்டன் நிறுவனத்துக்குப் போய் வரவேற்பறையில் காத்திருந்தபோது அதன் தலைவர் மாரடைப்பால் இறந்துபோனார் என்ற செய்தி வந்தது. பிரௌனிங் துப்பாக்கியைக் கையிலெடுத்துக்கொண்டு கப்பலேறிப் பெல்ஜியம் போனார். அதன் பிறகு ஹேர்ஸ்டால் அவருக்கு இரண்டாவது ஊர் ஆயிற்று.

சிறியதா, நேராகச் சுடுவதா

நாள்தோறும் கொண்டு திரிவதற்கு ஒரு பிஸ்டலைத் தெரிவு செய்பவன் முன் இருந்த சிக்கலை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். சிறியதாக இருந்தால் ஒளிக்கலாம். ஆனால் குறி தவறும். பெரியதாக இருந்தால் குறி நிற்கும். ஆனால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகத் தோன்றும். பிரௌனிங்கின் முப்பது ஆண்டு வேலை இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்தது.

ஏன் சிறியது குறி தவறுகிறது? பிஸ்டலின் மேலே பின்னால் ஒரு பிளவும் முன்னால் ஒரு குமிழும் உண்டு. இரண்டையும் நேர்ப்படுத்தித்தான் குறி பார்ப்பார்கள். இரண்டுக்கும் இடையில் 10 சென்ரிமீற்றர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கை ஒரு மில்லிமீற்றர் விலகினால், 10 மீற்றரில் சன்னம் 10 சென்ரிமீற்றர் விலகிப் போகும். இடைவெளி 15 சென்ரிமீற்றர் ஆனால், அதே நடுக்கத்துக்கு விலகல் ஏழு சென்ரிமீற்றருக்கும் குறைவு. இதைத் தவிர, கைப்பிடி சிறியதானால் விரல்கள் முழுவதும் பற்றாது. எடை குறைந்தால் உதைப்புக் கூடும். தற்செயலாக வெடிக்கக்கூடாது என்று விசையைக் கடினமாக்கினால், இழுக்கும்போதே குழல் ஒரு பக்கம் சாயும்.

பிரௌனிங்கின் விடைகள் ஒவ்வொன்றாக வந்தன. சிறு ரவை சுடும் பிஸ்டல்களில் குழலை அசையாமல் சட்டத்தோடு நிறுத்தினார். உறையின் எடையும் வில்லின் பலமும் மட்டுமே உதைப்பைத் தாங்கின. அசையாத குழல் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தைப் பார்க்கும் என்பதால், சிறிய பொருளாயினும் நன்றாகவே சுட்டது.

1903 இல் கோல்ட் வெளியிட்ட பிஸ்டலில் சுத்தியலை உறைக்குள் மறைத்தார். வெளியே நீட்டும் சுத்தியல், அவசரத்தில் துணியில் மாட்டிக்கொள்ளும் என்பதே காரணம். மூலைகளை வழுவழுப்பாக்கினார். எட்டு ரவைகள். கைப்பிடியின் பின்புறம் ஒரு தட்டு. உள்ளங்கை அதை அழுத்தினாலொழிய வெடிக்காது. சட்டைப் பையில் கிடக்கும் பிஸ்டல், சுடப்படும் நொடிகளைவிடச் சுடப்படாத ஆண்டுகளிலேயே அதிகம் வாழ்கிறது என்பதை அவர் விளங்கியிருந்தார். இந்தப் பிஸ்டல் ஐந்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. வங்கிக் காவலர் வாங்கினார்கள். வங்கிக் கொள்ளையரும் வாங்கினார்கள். பிறகு அமெரிக்க இராணுவம் தன் ஜெனரல்களுக்கு அதைக் கொடுத்தது.

அடுத்தது 1906 ஆம் ஆண்டு மாதிரி. 6.35 மில்லிமீற்றர். நீளம் 11 சென்ரிமீற்றரைச் சற்றுத் தாண்டும். எடை 370 கிராம் அளவு. உள்ளங்கைக்குள் மறையும். சன்னம் 3 கிராம் சொச்சம்தான். ஒளிப்பதற்கு இதைவிடச் சிறந்தது இல்லை. குறிபார்ப்பதற்கு இதைவிடச் சிரமமானதும் அதிகம் இல்லை. பெருந்தொகையாக விற்றது.

1910 ஆம் ஆண்டு மாதிரியில்தான் இரண்டும் ஒரு சமநிலைக்கு வந்தன என்பது என் எண்ணம். சுருள்வில்லைக் குழலின் மேலோ கீழோ வைக்காமல், குழலைச் சுற்றியே போட்டார். அதனால் உயரம் குறைந்தது, பிஸ்டல் மெலிந்தது. குழலோ போதிய நீளத்துக்கு இருந்தது, அசையாமலும் இருந்தது. கைப்பிடித் தட்டு, பக்கத் தாழ்ப்பாள், ரவைக்கூடு கழன்றிருந்தால் சுடாத அமைப்பு என்று மூன்று காப்புகள். குறிபார்க்கும் குமிழைக்கூட உறையின் மேற்பள்ளத்துக்குள் தாழ்த்தி வைத்தார், துணியில் மாட்டாமல் இருக்க. கோட்டின் உட்பையில் போட்டால் கணக்குப் புத்தகம் போலக் கிடக்கும்.

1914 தொடக்கத்தில், பத்து இலட்சமாவது பிரௌனிங் பிஸ்டலைக் கொண்டாட எஃப்.என். லியேஜ் நகரில் விருந்து வைத்தது. பெல்ஜிய அரசு அவருக்கு லியோபோல்ட் விருதைக் கொடுத்துக் கௌரவித்தது. அவருக்கு வயது 59.

அந்தப் பிஸ்டல்கள் போன இடங்கள்

அதற்குள் அவருடைய பிஸ்டல்கள் உலகைச் சுற்றியிருந்தன. 1904 ஜூனில், பின்லாந்தை அடக்கி ஆண்ட ரஷ்ய ஆளுநர் பொப்ரிக்கோவை ஹெல்சிங்கி செனற் கட்டடத்துக்குள் ஒயிகன் ஷௌமன் என்ற பின்லாந்து இளைஞர் 1900 ஆம் ஆண்டு மாதிரியால் சுட்டார். பின் அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டார். 1909 ஒக்டோபரில், ஜப்பானின் முன்னாள் பிரதமர் இத்தோ ஹிரோபூமியை ஹார்பின் ரயில் நிலையத்தில் கொரியர் அன் ஜுங்-குன் சுட்டதும் அதே மாதிரியால்தான். அவர் 1910 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு ஓகஸ்டில் ஜப்பான் கொரியாவை முழுமையாக இணைத்துக்கொண்டது. ஷௌமனைப் பின்லாந்தில் பலர் வீரனாக நினைத்தார்கள். அன்னுக்குக் கொரியாவில் நினைவகம் உண்டு. ஜப்பானில் அன் கொலைகாரன். ஒரே மனிதன் ஒரு கரையில் வீரனாகவும் மறுகரையில் குற்றவாளியாகவும் இருப்பது எங்களுக்குப் புதிய செய்தி அல்ல.

சரயேவோவுக்கு வருவோம். பெல்கிரேட்டில் சேர்பிய இராணுவ அதிகாரிகள் சிலரின் கைவழியாக நான்கு 1910 ஆம் ஆண்டு மாதிரிப் பிஸ்டல்களும் ஆறு குண்டுகளும் அந்த இளைஞர்களுக்குக் கிடைத்தன. ஒரு பூங்காவில் சுட்டுப் பழகினார்கள். உடம்பில் மறைத்தபடி எல்லை கடந்தார்கள். பிரின்சிப் உடலால் சிறியவன். முன்பு போருக்குத் தொண்டனாகச் சேரப்போய், சிறியவன் என்று திருப்பி அனுப்பப்பட்டவன். அவன் கைக்கு அளவான பிஸ்டல் அது.

முதலில் எறியப்பட்ட குண்டு குறி தவறியது. எறிந்தவன் சயனைட்டை விழுங்கி ஆற்றில் குதித்தான். நஞ்சும் வேலை செய்யவில்லை, ஆற்றிலும் ஆழம் இல்லை. சயனைட் என்ற சொல்லை எங்கள் வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை. பிறகு இளவரசரின் சாரதி வழி தவறித் திரும்பி, வாகனத்தை நிறுத்திய இடம், பிரின்சிப் நின்ற இடத்திலிருந்து சில அடிகள்தான்.

இங்கேதான் பிரௌனிங்கின் கணக்கெல்லாம் என்னைத் தடுமாற வைக்கிறது. முதலாவது சன்னம் இளவரசரின் கழுத்தில் பட்டது. இரண்டாவது சன்னத்தைப் பிரின்சிப் பொஸ்னியாவின் ஆளுநர் பொத்தியோரெக்கை நினைத்துச் சுட்டான். அது பட்டது இளவரசரின் மனைவி சோபியின் வயிற்றில். அவரைக் கொல்ல நினைக்கவில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னான். அசையாத குழல், அளவான கைப்பிடி, நல்ல பிஸ்டல். சில அடி தூரம். அப்படியிருந்தும் பாதிக்குப் பாதி தவறு. மூன்று பிள்ளைகள் அன்று தாயையும் தகப்பனையும் ஒன்றாக இழந்தார்கள். அவர்களில் இரு ஆண்மக்களும் 1938 இல் நாசிகளின் டஹாவ் முகாமுக்கும் போக நேர்ந்தது.

குறியைப் பற்றி எழுதப்படும் நூல்கள் எல்லாம் பத்து மீற்றர், இருபத்தைந்து மீற்றர் அட்டையைப் பற்றிப் பேசுகின்றன. நடந்த கதைகளோ சில அடிகளில் நடந்தவை. அந்தத் தூரத்தில் பிஸ்டலின் துல்லியம் பெரிதாகக் கணக்கில் வருவதில்லை. கை நடுங்குகிறது, கூட்டம் தள்ளுகிறது, பக்கத்தில் இன்னொரு ஆள் இருக்கிறார். எங்கள் ஊர்களிலும் ஒருவரைத் தேடி வந்த சன்னம் பக்கத்தில் நின்ற மனைவியில் பட்டது, பிள்ளையில் பட்டது. அந்த வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். என்ன வகைப் பிஸ்டல் என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்லவில்லை. யார் பக்கத்தில் நின்றார்கள் என்பதைத்தான் சொன்னார்கள்.

பிரின்சிப் வயது குறைந்தவன் என்பதால் தூக்குக்குத் தப்பினான். இருபது ஆண்டுச் சிறை. 1918 ஏப்ரலில் தெரேசியன்ஸ்டாட் சிறையில் காசநோயால் இறந்தான்.

இன்னொன்றும் நடந்தது. சரயேவோ வெடிகளுக்கு ஆறு வாரங்களுக்குள், 1914 ஓகஸ்ட் 5 ஆம் திகதி அளவில், ஜேர்மன் படைகள் முதலில் தாக்கிய பெரிய இடம் லியேஜ். அந்தப் பிஸ்டல் செய்யப்பட்ட ஊர். பிரௌனிங்குக்கு விருந்து நடந்த நகரம். ஓகஸ்ட் நடுப்பகுதிக்குள் கோட்டைகள் எல்லாம் விழுந்தன. நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், வீடுகள் எரிக்கப்பட்டன, பெருந்தொகையானோர் எல்லை தாண்டி ஓடினார்கள். எஃப்.என். தொழிற்சாலை ஜேர்மனியர் கைக்குப் போனது. பிஸ்டலைத் தேய்த்துப் பளபளப்பாக்கிய தொழிலாளியின் வீட்டு வாசலுக்கே, அந்தப் பிஸ்டல் தொடக்கிய போர் முதலில் வந்து சேர்ந்தது.

பெரிய வேலைகள்

மறுபுறம் அமெரிக்க இராணுவம் பெரிய பிஸ்டல் ஒன்றைக் கேட்டிருந்தது. பிலிப்பைன்சில் நடந்த போரில் அவர்களது ரிவோல்வர் சன்னம், பாய்ந்து வருபவனை நிறுத்தவில்லை என்பது அவர்கள் முறைப்பாடு. பிரௌனிங் .45 பிஸ்டலைச் செய்தார். சன்னம் 15 கிராம் அளவு. பிஸ்டல் 1 கிலோவுக்கு மேல். 1911 மார்ச்சில் இரண்டு நாட்களில் 6,000 ரவைகளை அதில் சுட்டுப் பார்த்தார்கள். சூடேறினால் தண்ணீரில் தோய்த்துவிட்டு மீண்டும் சுட்டார்கள். ஒரு தடவையும் சிக்கவில்லை. போட்டிக்கு வந்த பிஸ்டல் பல தடவை சிக்கியது. 1911 மார்ச் 29 இல் இராணுவம் அதை ஏற்றது. 1985 வரை அதுவே அமெரிக்கப் படையினரின் பிரதான பிஸ்டலாக இருந்தது.

1917 இல் அமெரிக்கா போருக்குள் வந்தபோது அவருடைய தானியங்கி றைபிளும் நீரால் குளிரும் இயந்திரத் துப்பாக்கியும் ஆயத்தமாக இருந்தன. ஒரு சோதனையில் அந்த இயந்திரத் துப்பாக்கி 48 நிமிடங்களுக்கு மேல் இடைவிடாமல் சுட்டது. அரசு கொடுக்க முன்வந்த 750,000 டொலரை அவர் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார். பங்குக் கணக்கில் வாங்கியிருந்தால் அதைப்போல் பல மடங்கு கிடைத்திருக்கும். அவருடைய மகன் வால், பிரான்சின் போர்முனையில் தகப்பனின் றைபிளோடு நின்றார். தான் செய்த பொருளின் மறுமுனையில் தன் பிள்ளையும் நிற்கிறான் என்ற நிலை ஆயுதம் செய்பவர்களுக்கு அடிக்கடி வருவதில்லை.

போரின் முடிவில், கவச வாகனங்களுக்கும் விமானங்களுக்கும் எதிராக .50 கலிபர் துப்பாக்கியை வடிவமைத்தார். அவர் இறந்த பின் மற்றவர்கள் திருத்தி, 1933 இல் எம்2 என்ற பெயரில் அது படைக்கு வந்தது. அதுதான் எங்கள் வாழ்க்கைக்குள் சத்தமாக வந்தது.

கடைசிப் பிஸ்டல்

1920 களில், பதின்மூன்று ரவைகள் கொள்ளும் 9 மில்லிமீற்றர் பிஸ்டல் ஒன்றின் வேலையைப் பிரௌனிங் எஃப்.என். நிறுவனத்துக்காகத் தொடங்கினார். 1923 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அந்தக் காப்புரிமை கிடைத்தபோது அவர் உயிரோடு இல்லை. 1926 நவம்பர் 26 ஆம் திகதி, ஹேர்ஸ்டால் தொழிற்சாலையில் வேலை மேசையடியில் நின்றவருக்கு நெஞ்சில் நோவு வந்தது. மகன் வாலின் அறையில் கிடத்தினார்கள். அங்கேயே இறந்தார். வயது 71. உடல் அத்திலாந்திக் கடந்து ஒக்டனுக்குப் போய் அங்கே அடக்கம் செய்யப்பட்டது. 128 காப்புரிமைகள் அவர் பெயரில் இருந்தன.

அவர் விட்ட பிஸ்டலை டியூடோனே சைவ் என்ற பெல்ஜியர் முடித்தார். இரட்டை வரிசை ரவைக்கூடு அவருடைய ஆக்கம். 1935 இல் ஹை பவர் என்ற பெயரில் வெளிவந்தது. 1940 இல் ஜேர்மனி மறுபடியும் ஹேர்ஸ்டாலைப் பிடித்தது. இந்தத் தடவை தொழிற்சாலையை ஓடவிட்டுத் தன் படைக்குப் பிஸ்டல் செய்தது. அதே பிஸ்டலை நேச நாடுகள் கனடாவின் ரொறன்ரோவில் செய்தன. இரண்டு தரப்பு அதிகாரிகளும் ஒரே மனிதரின் பிஸ்டலை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒருவரையொருவர் தேடினார்கள். பிற்காலத்தில் இந்தியாவின் இஷாப்பூர் தொழிற்சாலை அதையே செய்து இந்திய இராணுவத்துக்குக் கொடுத்தது. 1987 இல் எங்கள் ஊர்களுக்கு வந்த படை அந்த இராணுவத்தைச் சேர்ந்தது.

பிரௌனிங் யாரையும் சுட்டுக் கொன்றவர் அல்லர். வெறுப்பை விதைத்தவரும் அல்லர். கடமை தவறாத கணவர், கடும் உழைப்பாளி, சமயப் பற்றுள்ளவர், சொன்ன சொல் காத்தவர். வாங்கியவன் காவலனா, கொள்ளையனா, விடுதலை வேண்டியவனா, ஒடுக்கியவனா என்ற கேள்வி அவருடைய மேசைக்கு வரவில்லை. மேசைக்கு வந்தது வில்லின் பலமும் குழலின் நீளமும்தான். அவற்றை அவரைவிட நன்றாகத் தீர்த்தவர் எவரும் இல்லை. இன்றும் தற்காப்புக்கென்று சிறிய பிஸ்டல் தெரிவு செய்பவர்கள் எடை, அளவு, குறி, காப்பு என்று அவர் போட்ட கணக்கையேதான் திரும்பப் போடுகிறார்கள். பிஸ்டலுக்கு முன்னால் நின்ற பக்கத்திலிருந்து வந்த எங்களுக்கு, அந்தக் கணக்கில் எழுதப்படாமல் விடுபட்ட இடம் உடனே தெரிகிறது. இரண்டாவது சன்னம் யாரில் படும் என்பது அதில் இல்லை.

அவர் கடைசிக் காலத்தில் பெரிதும் விரும்பிச் செய்த வேலை, ஒன்றன் மேல் ஒன்றாக இரு குழல் வைத்த வேட்டைத் துப்பாக்கி. சிறுவயதில் தம்பியோடு பறவை சுட்டவரின் கடைசி வேலையும் பறவைக்கான துப்பாக்கியே. அதையும் முடிக்காமல்தான் போனார். அதன் விசையமைப்பை மகன் வால் இருந்து முடித்தார்.